நின்ற பிறகும் சுற்றுகிற நாற்காலி

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

பெண்ணைப் பெற்றவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. தங்களைச் சம்பந்தி என்று அழைக்கும் உரிமை எனக்கு இன்னும் இருக்கிறதா, நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறதா என்று தெரியவில்லை. 'ஐயா' என்று தொடங்கினால் நானே கை கழுவியதாக ஆகிவிடும் என்கிறாள் என் மனைவி. 'நண்பரே' என்று தொடங்கினால் தாங்கள் கடிதத்தை அப்படியே மடித்து வைத்துவிடுவீர்கள் என்று எனக்கே தெரியும். ஆகவே தீர்ப்பு வரும்வரை பழைய அழைப்பையே வைத்துக்கொள்கிறேன். தாங்களும் சம்பந்தியம்மாவும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று அடுத்த வரியில் எழுதுவதுதான் முறை. ஆனால் இந்தக் கடிதத்தில் ஒரு பொய்கூட இருக்கக் கூடாது என்று முடிவு செய்து உட்கார்ந்திருக்கிறேன், எடுத்த எடுப்பிலேயே அதைக் கெடுத்துக்கொள்ள மனமில்லை. இங்கே யாரும் சுகமாக இல்லை.

அன்று தங்கள் வீட்டில் நடந்ததை முதலிலிருந்து சொல்லியாக வேண்டும். அன்றே சொல்லியிருப்பேன். வாயெடுத்தபோதெல்லாம் நாக்கு குழறியது, குழறக் குழறத் தங்கள் முகம் இறுகியது, அதைப் பார்த்து எனக்கு இன்னும் குழறியது. நடந்தது இதுதான். கல்யாணப் பேச்சுக்காகப் புறப்படுகிற நேரத்தில் என் சட்டைக் கையில் ஒரு கிரீஸ் கறை. ஆயுள் முழுக்க லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன் வீட்டில் கறை என்றால் யாரும் சோப்பைத் தேட மாட்டார்கள். மின்முனைகளைத் துடைக்க வைத்திருக்கும் ஸ்பிரிட் பாட்டிலைத்தான் எடுப்பார்கள். துணியில் நனைத்துத் தேய்த்தேன், கறை போய்விட்டது, வாசனை போகவில்லை. "வேற சட்டை போடுங்க" என்று என் மனைவி சொன்னாள். காற்றுப் பட்டால் போய்விடும் என்று நான்தான் பெரிய மனிதனாகப் பேசினேன். தங்கள் அடுக்குமாடி வாசலில் இறங்கி, குடித்துவிட்டு நடமாடுவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்று குடியிருப்போர் சங்கத் தலைவராகத் தாங்கள் கையெழுத்திட்டு லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்தேன், ஒழுங்கான மனிதர் வீட்டில் சம்பந்தம் செய்கிறோம் என்று என் மனைவியிடம் மெச்சிக்கொண்டேன். படியேறிப் போகையில் அந்த அறிவிப்பு ஒவ்வொரு மாடியிலும் ஒட்டியிருந்தது, ஒவ்வொரு மாடியிலும் மெச்சினேன்.

உள்ளே வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில், கூடத்தில் புதிதாக மாட்டிய தொங்குவிளக்கைக் காட்டி, அண்ணாந்து பார்த்து ஒரு வார்த்தை சொல்லச் சொன்னீர்கள். கரண்ட் வேலை தெரிந்தவன் என்ற மரியாதையில்தான் கேட்டீர்கள். அண்ணாந்தேன். விளக்கு ஒரு பக்கம் போயிற்று, கூடம் இன்னொரு பக்கம் போயிற்று, நான் எந்தப் பக்கம் போவது என்று முடிவெடுப்பதற்குள் திரைச்சீலையைப் பிடித்திருந்தேன், திரைச்சீலை அதன் கம்பியோடு என்னுடன் வந்துவிட்டது, இருவருமாகக் கண்ணாடி அலமாரி மேல் சாய்ந்தோம். தங்கள் பணி ஓய்வு விழாவில் கொடுத்த கோப்பையின் கைப்பிடி உடைந்தது அப்போதுதான். பிறகு தாங்கள் என்னைத் தூக்கி நிறுத்தினீர்கள், அப்படித் தூக்கும்போது என் சட்டைக் கை தங்கள் மூக்குக்கு நேராக வந்தது. தாங்கள் ஓட்டுநர் உரிமத் தேர்வாளராக இருந்தவர். ஸ்டியரிங்கைப் பிடிக்கிற தினுசைப் பார்த்தே அந்த ஆள் முந்தின ராத்திரி எங்கே இருந்தான் என்று சொல்லிவிடுவீர்கள் என்று மாப்பிள்ளை பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்டவர் என் காதருகே வந்து, யாருக்கும் கேட்காத குரலில், "இந்த டைல்ஸ் கோட்டு மேலயே நேரா நடந்து வாங்க, பார்க்கலாம்" என்றீர்கள். நடந்தேன். கோடு நேராகத்தான் போயிற்று. நான் செருப்பு வைக்கும் அலமாரியில் போய் முடிந்தேன்.

அதற்குப் பிறகு தங்களிடமிருந்து எங்களுக்கு வந்தது ஒரே ஒரு சொல்தான். மண்டபத்துக்கு உறுதி சொல்லலாமா என்று கேட்டால் 'பார்க்கலாம்'. தேதி பற்றிக் கேட்டால் 'பார்க்கலாம்'. என் மனைவி அதை நல்ல சொல்லாக எடுத்துக்கொண்டாள், பார்க்கலாம் என்றால் பார்ப்பார்கள்தானே என்றாள். தேர்வில் தவறியவர்களிடம் தாங்கள் முகத்துக்கு நேரே தவறிவிட்டாய் என்று சொல்வது கிடையாது, பார்க்கலாம் என்றுதான் சொல்லி அனுப்புவீர்கள் என்பதை மாப்பிள்ளை எங்களிடம் தயங்கித் தயங்கிச் சொன்ன பிறகு அவளும் அந்தச் சொல்லை விட்டுவிட்டாள். கல்யாணத்துக்கென்று எடுத்த துணிகள் கடைப் பைக்குள்ளேயே இருந்தன, அந்தப் பையை எங்கள் பெண் பிரிக்காமல் அலமாரியின் மேல்தட்டில், கைக்கு எட்டாத இடத்தில் தள்ளி வைத்தாள். அதைப் பார்க்கிறபோது எனக்குத் தலை சுற்றாமலே உட்காரத் தோன்றுகிறது. பெற்ற பெண்ணின் கல்யாணத்தைத் தகப்பன் கெடுத்த கதைகள் உண்டு, குடித்துக் கெடுத்தவர்கள் உண்டு, சண்டை போட்டுக் கெடுத்தவர்கள் உண்டு. விளக்கை அண்ணாந்து பார்த்துக் கெடுத்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

சரி, குடிக்கவில்லை என்று எப்படி நிரூபிப்பது? குடித்ததை நிரூபிக்க ஆயிரம் வழி இருக்கிறது. நான் காது மருத்துவரிடம் போனேன். தலை சுற்றினால் எதற்குக் காது என்று கேட்டேன். காதின் உள்ளே, ஒலி கேட்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே, நீர் நிரம்பிய சின்னச் சின்ன வளையக் குழாய்கள் இருக்கின்றன, தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை அவைதான் கண்ணுக்குச் சொல்கின்றன, அதைக் கேட்டுத்தான் கண் நிலையாக நிற்கிறது என்றார். இதை ரசமட்டம் என்று சொல்லியிருந்தால் எனக்கு உடனே புரிந்திருக்கும். லிஃப்டின் தண்டவாளம் செங்குத்தாக இருக்கிறதா, கூண்டு மட்டமாக நிற்கிறதா என்று ரசமட்டம் வைத்தே பிழைத்தவனுக்குத் தன் தலைக்குள் ஒன்று இருந்தது இத்தனை நாள் தெரியவில்லை. அதில் பழுதிருக்கலாம், சுழலும் நாற்காலியில் உட்காரவைத்துக் கண் அசைவைப் படம் பிடித்தால் தெரிந்துவிடும், எழுத்தில் கொடுப்போம் என்றார் மருத்துவர். எழுத்தில் என்றதும் எனக்கு அவர் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் எல்லோரும் தங்களுக்கு ஒன்றும் இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவில், எனக்கு ஏதாவது பெரிதாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன்.

சோதனைக்கு மாப்பிள்ளைதான் தன் காரில் அழைத்துப் போனார். அவர் தங்களிடம் சொல்லியிருக்காவிட்டால் இந்த வரியைத் தாங்கள் படிக்காததாக வைத்துக்கொள்ள வேண்டும். என் மனைவியும் பெண்ணும் பின்னால் உட்கார்ந்து வந்தார்கள். போகிற வழியில் என் மனைவி வழக்கத்தைவிட அமைதியாக இருந்தாள், எனக்கும் வழக்கத்தைவிடத் தூக்கம் தூக்கமாக வந்தது, இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. சோதனை அறையில் ஒரு பெண்மணி இருந்தார். பிள்ளைகளை வைத்து வேலை வாங்கிப் பழகியவர் போல அன்பும் கண்டிப்புமாகப் பேசினார். அறைக்குள் ஒரு சின்ன இருட்டறை, அதற்குள் நாற்காலி. சம்பந்தி, அந்த நாற்காலியைப் பற்றி நான் சொல்லியே ஆக வேண்டும். அடியில் மோட்டார், இறுக்கிப் பிடித்த தாங்கி, கையால் தள்ளிப் பார்த்தால் ஒரு சத்தம் கிடையாது, ஒரு உதறல் கிடையாது. இப்படி ஒரு மோட்டார் எனக்குக் கிடைத்திருந்தால் என் லிஃப்டுகளில் போனவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கியிருக்க மாட்டார்கள். நான் கீழே குனிந்து பார்க்கப் போனேன், அந்தப் பெண்மணி என்னைத் தோளைப் பிடித்து உட்காரவைத்து மார்பிலும் இடுப்பிலும் பட்டை கட்டினார், தலையைப் பின்னால் சாய்த்து அசையாமல் பிடித்தார், கேமரா வைத்த கனத்த கண்ணாடியை மாட்டினார். பிறகு கதவைச் சாத்தினார். கண்ணைத் திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் ஒன்றுதான் என்கிற இருட்டு. திறந்தே வைத்திருக்க வேண்டும் என்று ஒலிபெருக்கியில் அவர் குரல் வந்தது. என் கண் இரண்டும் வெளியே திரையில் தட்டு அளவுக்குப் பெரிதாகத் தெரிந்ததாம், என் குடும்பமும் தங்கள் பிள்ளையும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம்.

நாற்காலி ஒரு பக்கம் போகும், திரும்பி மறுபக்கம் வரும், தொட்டில் போல. அது எனக்கு வசதியாகவே இருந்தது. வசதியாக இருந்ததுதான் பிசகு, கண் சொருகியது. தூங்கக் கூடாது, மனம் விழித்திருந்தால்தான் கண் சரியாக அசையும், அதனால் எதையாவது வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும் என்றார் அந்தப் பெண்மணி. காய்கறிப் பெயர் சொல்லச் சொன்னார், சொன்னேன். விலங்குகள் என்றார், அதுவும் சொன்னேன். மாட்டுக்கும் ஆட்டுக்கும் பிறகு எனக்கு விலங்குகள் தீர்ந்துவிட்டன, மறுபடியும் கண் சொருகியது. "சார், உங்களுக்கு யார் மேலயாவது கோபம் இருக்கா? அவங்களைப் பத்திச் சொல்லுங்க, தூக்கம் வராது" என்றார். நான் சம்பந்தி என்று ஒரே ஒரு சொல்தான் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் என்னைத் தூண்ட வேண்டிய தேவையே ஏற்படவில்லை.

இருட்டில் இருக்கிறவனுக்கு எல்லோரும் போய்விட்டார்கள் என்று ஒரு நினைப்பு வந்துவிடுகிறது. வெளியே ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் தங்கள் பிள்ளை உட்கார்ந்திருப்பது எனக்கு மறந்தே போயிற்று. நான் அங்கே என்ன சொன்னேன் என்பதை மறுபடி எழுதுவது மரியாதை இல்லைதான். ஆனால் மாப்பிள்ளை வாயிலாகக் கூட்டியோ குறைத்தோ தங்கள் காதுக்கு வருவதைவிட உள்ளது உள்ளபடி என் கையாலேயே வருவது நல்லது. தாங்கள் சிரித்து யாரும் பார்த்ததில்லை என்றேன். தாங்கள் ஒருவருக்குத் தண்ணீர் கொடுத்தால்கூட அவர் டம்ளரைப் பிடிக்கிற விதத்துக்கு மதிப்பெண் போடுவது போலப் பார்க்கிறீர்கள் என்றேன். விழுந்தவனைத் தூக்குகிறவர்கள் அடிபட்டதா என்று கேட்பார்கள், தாங்கள் கோட்டின் மேல் நடக்கச் சொன்னீர்கள் என்றேன். அந்தத் தொங்குவிளக்கு அந்தக் கூடத்துக்கு ரொம்பப் பெரிது என்றேன், இதை மட்டும் ஒரு தொழில்காரனின் கருத்தாக எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியாக, எங்கள் வீட்டில் தங்களுக்கு 'ஃபெயில் ஐயா' என்று ஒரு பெயர் இருக்கிறது என்றும் சொல்லிவிட்டேன். வேறு எந்தச் சோதனையிலும் கிடைக்காத அளவுக்கு என் கண் அப்போது சிமிட்டாமல் திறந்திருந்ததாக அந்தப் பெண்மணி பிறகு பாராட்டினார். கதவு திறந்தபோது மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. அவர்தான் குனிந்து பட்டையை அவிழ்க்க வந்தபோது மெல்லச் சொன்னார். "எங்க வீட்டுலயும் அதே பேர்தான் மாமா." அந்தப் பெயரைத் தங்கள் வீட்டில் வைத்தவர் யார் என்று அவர் சொன்னதை நான் எழுத மாட்டேன். சமையலறைப் பக்கம் போய்த் தேட வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் பட்டையை உடனே அவிழ்க்க விடவில்லை, இன்னொரு சோதனை பாக்கி இருக்கிறது என்றார் அந்தப் பெண்மணி. இந்தத் தடவை ஒரே பக்கமாக, ஒரே வேகத்தில், விடாமல் சுற்றும். சுற்றியது, அதில் சந்தேகமில்லை, என் கன்னம் ஒரு பக்கம் இழுத்தது. கொஞ்ச நேரம் போனதும் வேகம் குறைந்தது, இன்னும் குறைந்தது, நின்றுவிட்டது. இருட்டில் காத்திருந்தேன். யாரும் கதவைத் திறக்கவில்லை. பழுதாகி நின்ற லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுத்தே தலை நரைத்தவன் நான், எனக்கு இது என்னவென்று தெரியாதா. மோட்டாருக்குக் கரண்ட் போய்விட்டது, பயப்படாமல் மெயினை அணைத்துப் போடுங்கள் என்று அவருக்கே வழி சொன்னேன். "நிக்கல சார், அதே வேகத்துல சுத்திக்கிட்டுதான் இருக்கீங்க" என்றது குரல். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கூண்டு நிற்கிறதா போகிறதா என்பது என் உள்ளங்காலுக்குத் தெரியும், அதைச் சொல்லித்தான் எனக்குச் சம்பளமே கொடுத்தார்கள், என்னிடமே விளையாடாதீர்கள் என்றேன். சட்டென்று நாற்காலி எதிர்ப்பக்கமாகக் கிளம்பிப் பேய் வேகத்தில் சுற்ற ஆரம்பித்தது. நிறுத்துங்கள் என்று கத்தினேன், பட்டையைப் பிடித்து இழுத்தேன், பெற்ற பெண்ணைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். கதவு திறந்து வெளிச்சம் வந்தது. நாற்காலி அசையாமல் நின்றுகொண்டிருந்தது. அப்போதுதான் நிறுத்தியிருக்கிறார்கள். நான் நின்றுவிட்டது என்று சத்தியம் செய்த நேரமெல்லாம் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறேன், சுற்றுகிறது என்று கத்திய நேரமெல்லாம் நின்றுகொண்டிருந்திருக்கிறேன். எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும், ஒரே வேகத்தில் போனால் காதுக்குள் இருக்கிற நீர் பழகிப்போய்ச் சும்மா இருந்துவிடும் என்று அந்தப் பெண்மணி தேற்றினார். எனக்குத் தேறவில்லை. என் உடம்பு சொல்வதை நானே நம்ப முடியாது என்றால் தங்களை எப்படி நம்பச் சொல்வது என்ற நினைப்புதான் வந்தது.

அதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதம் இங்கேயே முடிந்திருக்கும். விளக்கைப் போட்டுவிட்டு, சுவரில் ஓடுகிற ஒரு சிவப்புப் புள்ளியைக் கண்ணால் தொடரச் சொன்னார். தொடர்ந்தேன், என்னால் முடிந்தவரை. அவர் திரையைப் பார்த்தார், மறுபடி ஓடவிட்டுப் பார்த்தார், பிறகு கதவோரம் நின்ற மருத்துவரைக் கூப்பிட்டுக் காட்டினார். பழுது கிடைத்துவிட்டது என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மாப்பிள்ளையும் எழுந்து வந்தார், பெண்ணும் வந்தாள். நாற்காலி சுற்றும்போது கண் போதிய அளவு அசையவில்லையாம், புள்ளியைப் பின்தொடரும்போது மந்தமாக இழுத்து இழுத்துப் போகிறதாம், அதுவும் இரண்டு கண்ணும் ஒரே மாதிரி. இது காதுப் பழுதின் அடையாளம் போல இல்லை என்றார் மருத்துவர். அப்புறம் குரலைத் தாழ்த்தி, தங்கள் பிள்ளை பக்கத்தில் நிற்கும்போதே, கேட்கக் கூடாத அந்தக் கேள்வியைக் கேட்டார். "நேத்து ராத்திரியோ காலையிலயோ ஏதாவது குடிச்சிருக்கீங்களா?"

சம்பந்தி, நான் வாழ்நாளில் அழுதது குறைவு. லிஃப்ட் கூண்டுக்கு மேல் விரல் நசுங்கியபோதுகூட அழவில்லை. குடிக்கவில்லை என்று நிரூபிக்க வந்த இடத்தில், பட்டை கட்டிய நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, சம்பந்தியின் பிள்ளை பார்க்க, மருத்துவர் வாயிலிருந்து இந்தக் கேள்வியைக் கேட்க நேர்ந்தபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், நானாக இருந்தாலும் தரையைத்தான் பார்த்திருப்பேன். அப்போது மூலையில் உட்கார்ந்திருந்த என் மனைவி, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாய் திறந்தாள். மருத்துவர் முதல் நாளே எழுதிக் கொடுத்த தலைசுற்றல் மாத்திரையைச் சோதனைக்குச் சில நாள் முன்பே நிறுத்திவிட வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள், நானும் நிறுத்தியிருந்தேன். அவள் நிறுத்தவில்லை. பொடி செய்து காப்பியில் கலந்து கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறாள், அன்று காலை மட்டும் ஒன்றுக்கு இரண்டாக. "அன்னைக்கு எல்லார் முன்னாலயும் விழுந்தீங்க. இங்கயும் வெளி ஆளுங்க முன்னால விழுந்தா என்னால பார்க்க முடியாதுங்க" என்றாள். அவளைத் திட்ட வேண்டும் என்று பட்டையை அவிழ்த்துக்கொண்டு மூலைக்குப் போனேன், போனதும் அவள் தோளைத்தான் பிடிக்க வேண்டியிருந்தது. அந்த மாத்திரை காதையும் கண்ணையும் ஒருசேர மந்தமாக்கிவிடும், இந்தச் சோதனை செல்லாது, எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மறுபடி வாருங்கள் என்றார் மருத்துவர். மறுபடி என்பது அடுத்த மாதக் கடைசிதான், அதற்கு முன் நாற்காலியில் இடமில்லை. மண்டபக்காரர் அதுவரை காத்திருக்க மாட்டார். தாங்களும் காத்திருப்பீர்கள் என்று எனக்கு நம்பிக்கையில்லை.

திரும்பும் வழியில் மாப்பிள்ளை எங்களைத் தெருமுனையில் இறக்கிவிட்டுப் போனார். தெருவைக் கடக்க எங்கள் பெண் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். சின்ன வயதில் அவளை நான் பிடித்துக் கடந்த அதே மாதிரி, வண்டி வருகிற பக்கமாகத் தான் நின்றுகொண்டு. மறுபடி உட்கார்கிறேன் அம்மா, இந்தத் தடவை எழுத்தில் வாங்கி வந்துவிடுகிறேன் என்றேன். வீட்டு வாசல் வந்ததும் சொன்னாள். "நீங்க எதையும் நிரூபிக்க வேணாம்ப்பா. கல்யாணம்னு ஒண்ணு நடந்தா நீங்க என் பக்கத்துலதான் நிப்பீங்க. ஆடினா நான் பிடிச்சுக்கிறேன். அதுக்கு யார் கையெழுத்தும் வேணாம்." என் பயமே அதுதான் சம்பந்தி, வேறொன்றும் இல்லை. தங்கள் கோப்பையை உடைத்ததோ, செருப்பு அலமாரியில் விழுந்ததோ, என் பெயர் கெட்டதோகூட எனக்குப் பெரிதில்லை. அவள் பக்கத்தில் நிற்கிற அந்தக் கொஞ்ச நேரம் நான் நேராக நிற்க வேண்டும். அதற்கு முதலில் அப்படி ஒரு நாள் வர வேண்டும்.

ஆகவே என் கையில் இப்போது சான்று எதுவும் இல்லை. இருப்பது ஒரு செல்லாத சோதனையும் இந்தக் கடிதமும்தான். நான் குடிக்கவில்லை. குடிக்கிற பழக்கம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை, கயிற்றில் தொங்கும் கூண்டின் மேல் ஏறி வேலை செய்கிறவன் குடித்தால் அடுத்த நாள் இருக்க மாட்டான். இதை எழுத்தில் வேறு யாரும் கொடுக்காத வரைக்கும், நான் எழுதிக் கொடுக்கிறேன். மண்டபத்துக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். பார்க்கலாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அந்தச் சொல்லைக் கேட்டால் எங்கள் வீட்டில் இப்போதெல்லாம் யாருக்கும் சாப்பாடு இறங்குவதில்லை. சம்பந்தியம்மாவுக்கு என் மனைவியின் அன்பான விசாரிப்புகள். மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசிகள், அவர் எங்கள் மாப்பிள்ளையாக ஆனாலும் ஆகாவிட்டாலும் அந்த ஆசியைத் திரும்ப வாங்கிக்கொள்ளப்போவதில்லை. தாங்கள் நீண்ட ஆயுளோடும், ஆடாத அசையாத உடம்போடும் வாழ வேண்டும் என்று மனமார வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
நேராக நிற்க முயன்றுகொண்டிருக்கும்,
பெண்ணின் தகப்பன்

பின்குறிப்பு: கடிதத்தை உறைக்குள் வைக்கிற நேரத்தில் சம்பந்தியம்மா போனில் கூப்பிட்டார். ஆஸ்பத்திரியில் நடந்ததை மாப்பிள்ளை தங்களிடம் சொன்னாராம், காப்பியில் போட்ட மாத்திரையும் ஸ்பிரிட் போட்டுத் துடைத்த சட்டையும் உட்பட. ஃபெயில் ஐயா விஷயத்தை மட்டும் சொல்லவில்லையாம். அந்த ஒன்றைத்தான் நான் மேலே விலாவாரியாக எழுதியிருக்கிறேன். தாங்கள் அதையெல்லாம் கேட்டுவிட்டு, மன உறுதி உள்ளவன் எத்தனை சுற்றுச் சுற்றினாலும் நேராக நடப்பான் என்று சொல்லி, பிள்ளையின் கம்ப்யூட்டர் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணைக் கட்டிக்கொண்டு அவரையே சுற்றச் சொன்னீர்களாம். சோதனை என்றால் ஒன்றும் விடுபடக் கூடாது என்று சட்டைக் கையில் ஸ்பிரிட்டையும் தேய்த்துக்கொண்டீர்களாம். எழுந்து டைல்ஸ் கோட்டைப் பிடித்து நடக்க ஆரம்பித்தவர், திறந்திருந்த வாசல் வழியாக வெளியே போய், லிஃப்டை ஒட்டியிருக்கும் எதிர் வீட்டுக் கதவில் மோதி, தாங்களே ஒட்டிய அறிவிப்புக்கு நேர் கீழே உட்கார்ந்துவிட்டீர்களாம். கதவைத் திறந்தவர் குடியிருப்போர் சங்கச் செயலாளராம். அவர் குனிந்து மோந்து பார்த்தாராம்.

இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடலாம் என்றுதான் முதலில் எடுத்தேன். ஆனால் தங்களைப் பற்றி நான் உளறியது இருக்கிற தாளின் மறுபக்கத்தில்தான் எங்கள் பெண் சொன்னது இருக்கிறது. அதைத் தாங்கள் படிக்க வேண்டும், அதனால் முன்பக்கத்தையும் சேர்த்து அனுப்புகிறேன். மண்டபத்துக்குத் தானே சொல்லிவிட்டதாகச் சம்பந்தியம்மா சொன்னார். தாங்கள் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு யாரோடும் பேசவில்லை என்றும், இன்னும் சுற்றுகிறது என்று மட்டும் முனகுவதாகவும் சொன்னார். கண்ணை மூடாதீர்கள் சம்பந்தி, எதிரே ஏதாவது ஒன்றைப் பார்த்துக்கொண்டே இருங்கள். நாற்காலி நின்றுவிட்டது, சுற்றுவது போலத்தான் இருக்கும். உங்கள் மாடியில் யார் என்ன சொன்னாலும், நீங்கள் குடிக்கவில்லை என்று நான் நம்புகிறேன். எனக்கு எழுத்தில் எதுவும் வேண்டாம்.